பழம் போட்ட ஓவர்நைட் ஓட்ஸ்: எது இரவு வேலை, எது காலை வேலை?

கேள்வி இது: "கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். நானும் கணவரும் காலை ஆறரைக்கெல்லாம் ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். பசியாறலுக்கு ஓவர்நைட் ஓட்ஸ், அதாவது இரவே பாலிலும் தயிரிலும் ஊற வைக்கும் ஓட்ஸ், செய்து பார்த்தேன். பப்பாளி போட்டது கசந்துவிட்டது. இன்னொரு தடவை செய்தது பசை மாதிரி ஆகிவிட்டது. சரியாக எப்படிச் செய்வது? ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் செய்து வைக்கலாமா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாமா? இனிப்புநீர் உள்ள மாமியார் சாப்பிடலாமா?"

பப்பாளியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை அதில் இருக்கிறது. பப்பாளியில் பப்பாயின் என்றொரு நொதி உண்டு. புரதத்தை அறுப்பதுதான் அதன் வேலை. ஆட்டிறைச்சி சீக்கிரம் வேகட்டும் என்று பப்பாளிக்காயை அரைத்துப் பூசி வைப்பது இதற்காகத்தான். பால், தயிர் இரண்டிலும் புரதம் இருக்கிறது. பப்பாளித் துண்டு எட்டு மணி நேரம் அதில் ஊறினால், அறுபட்ட புரதத் துணுக்குகள் கசக்கத் தொடங்கிவிடும். பழம் நன்றாகப் பழுத்திருந்தால் இந்த நொதி குறைவாக இருக்கும். ஆனாலும் ஒரு முழு இரவு என்பது அதற்குத் தாராளமான நேரம். அன்னாசியும் கிவியும் இதே கதைதான். மூன்றையும் காலையில் சாப்பிடுவதற்குச் சற்று முன் வெட்டிப் போட்டால் ஒரு கசப்பும் இருக்காது.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஓட்ஸ் ஊற வைப்பது இரவு வேலை, பழம் போடுவது பெரும்பாலும் காலை வேலை. எல்லாவற்றையும் இரவிலேயே போத்தலில் அடைத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பல பேருக்கு இது கெட்டுப்போகிறது. பழம் வெட்ட மூன்று நிமிடம் போதும். ஆறரைக்குக் கிளம்புகிற வீட்டிலும் அந்த மூன்று நிமிடம் கிடைக்கும்.

அடுத்தது பசை. பெரும்பாலும் நீங்கள் வாங்கிய ஓட்ஸ்தான் காரணமாக இருக்கும். கடையில் இன்ஸ்டன்ட் என்று விற்பது மிக மெல்லியதாகத் தட்டி, பொடிப்பொடியாக இருக்கும். வெந்நீர் ஊற்றியவுடன் கஞ்சியாகட்டும் என்று செய்தது. அதை ராத்திரி முழுக்க ஊற வைத்தால் சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும். ரோல்ட் ஓட்ஸ் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். தட்டையாக, முழு இதழாக, அவலை நினைவுபடுத்தும்படி இருக்கும். அதை ஆலையிலேயே ஆவியில் வேக வைத்து உருளையில் நசுக்கித்தான் அனுப்புகிறார்கள். அதனால்தான் அடுப்பில் வைக்காமல் ஊற வைத்து மட்டும் சாப்பிட முடிகிறது. ஸ்டீல் கட் என்று விற்கும் நொய் மாதிரியானது இதற்கு ஆகாது, காலையிலும் பல்லில் நறநறக்கும். மூன்று இன் ஒன் பாக்கெட் வேண்டவே வேண்டாம். அது சீனியும் பால் மாவும் கலந்த பானம். ஓட்ஸ் நம் ஊரில் விளைவதில்லை, வெளியிலிருந்து வந்து இங்கே பதமாகிறது. கேப்டன் ஓட்ஸ் ஆலை எங்கள் பினாங்கில் பட்டர்வொர்த் பக்கம்தான் இருக்கிறது. எந்தப் பிராண்டாக இருந்தாலும் சரி, பின்பக்கத்தில் பொருள் பட்டியலில் ஓட்ஸ் என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவுக்கு வருவோம். ஒரு ஆளுக்கு 40 கிராம் ஓட்ஸ், அதாவது அரைக் கப். பால் அரைக் கப், 120 மில்லி. கட்டித் தயிர் கால் கப். சியா விதை இரண்டு தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள். நம் நாக்குக்கு ஓட்ஸ் சப்பென்று படுவதற்கும், அதை மறைக்கச் சீனியை அள்ளிக் கொட்டுவதற்கும் அந்த ஒரு சிட்டிகை இல்லாததே காரணம். இதையெல்லாம் நன்றாகக் கலந்து, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை கிண்டி விடுங்கள். இல்லாவிட்டால் சியா அடியில் போய்க் கட்டியாக உட்கார்ந்துவிடும். அப்புறம் மூடி, பிரிட்ஜில் வைக்க வேண்டியதுதான். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். காலையில் கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு கரண்டி பால் ஊற்றித் தளர்த்திக்கொள்ளலாம். தண்ணீராக இருந்தால் சரிசெய்வது கடினம், ஆகவே முதலிலேயே பாலைக் கணக்காக ஊற்றுங்கள்.

சியா விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அது இல்லாமலும் செய்யலாம். தயிரைக் கொஞ்சம் கூட்டி, பாலைக் குறைத்தால் போதும். சியாவுக்குப் பதில் செலாசே விதை போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பண்டோங் பானத்தில் மிதக்குமே, சப்ஜா, அதுதான். போடலாம், ஆனால் அது சியா மாதிரி முழுப் போத்தலையும் கெட்டியாக்காது. தனித்தனி மணியாகவே வழுக்கிக்கொண்டு நிற்கும். காலையில் பல் துலக்குகிற நேரத்தில் தண்ணீரில் ஊறி முடிந்துவிடும், அப்போது மேலே போட்டுக்கொள்ளலாம்.

பாலுக்குப் பதில் சோயாப் பால் நன்றாகவே வரும். ஆனால் சந்தையில் பையில் கட்டித் தருவது பெரும்பாலும் இனிப்புப் போட்டது, இனிப்பில்லாமல் கேட்டு வாங்குங்கள். தேங்காய்ப்பால் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. புட்டுக்கும் ஆப்பத்துக்கும் பழகிய வாய். ஆனால் கெட்டித் தேங்காய்ப்பாலை இரவிலேயே ஊற்றினால், பிரிட்ஜ் குளிரில் அதன் கொழுப்பு உறைந்து வெள்ளை மெழுகுத் துணுக்காக நாக்கில் தட்டுப்படும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும். வேண்டுமானால் இரவு பாலில் ஊற வைத்து, காலையில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பாலை மேலே ஊற்றுங்கள். பிழிந்த பால் நம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெட்டியில் வருவதே வசதி.

இப்போது பழம். இது நம் நாட்டுக்காரர்களுக்குக் கிடைத்த வரம், அதையே விட்டுவிட்டு, இணையத்தில் பார்த்தேன் என்று விலை கொடுத்து புளூபெரி வாங்குவது எனக்குப் புரியவே இல்லை.

வாழைப்பழத்தை இரண்டாகப் பிரித்துப் பயன்படுத்தலாம். தோலில் கரும்புள்ளி விழுந்த பிசாங் மாஸ் ஒன்றை இரவே மசித்து ஓட்ஸுடன் கலந்துவிடுங்கள். அதுவே இனிப்பு, வேறு எதுவும் வேண்டாம். நிறம் கொஞ்சம் கருக்கும், பட்டைத்தூள் ஒரு சிட்டிகை போட்டால் கண்ணுக்குத் தெரியாது. மேலே அலங்காரமாக வைப்பதற்கு பிசாங் பெராங்கான் நல்லது, மணம் அதிகம், சதையும் உறுதியாக இருக்கும். அதைக் காலையில்தான் வெட்ட வேண்டும். அலுவலகம் போய்ச் சேர்ந்துதான் சாப்பிடுவேன் என்றால் லிமாவ் கஸ்தூரி இரண்டு சொட்டுப் பிழிந்து விடுங்கள், கருப்பது தள்ளிப்போகும்.

மாம்பழம் இரவிலேயே போட்டாலும் கெடாது. பெர்லிஸ் ஹாருமானிஸ் ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான் வரும், விலையும் ஏறி நிற்கும். அதைப் போய் ஓட்ஸில் கலப்பது பாவம் என்பேன், தனியாகச் சாப்பிடுங்கள். ஓட்ஸுக்குச் சொக்கானான் தாராளமாகப் போதும். மலிவாகக் கிடைக்கும்போது சதுரமாக வெட்டி உறைய வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த துண்டுகளை இரவு ஓட்ஸ் மேலேயே கொட்டி மூடிவிட்டால், காலைக்குள் இளகி அதன் சாறு மெதுவாகக் கீழே இறங்கியிருக்கும். காலையில் கத்தியே எடுக்க முடியாது என்கிறவர்களுக்கு இதுதான் வழி. பலாச்சுளையும் அப்படியே. ஒரே ஒரு சுளையைப் பொடியாக அரிந்து போட்டாலே முழுப் போத்தலும் மணக்கும், அதற்கு மேல் போட்டால் ஓட்ஸ் இருப்பதே தெரியாது.

அன்னாசியை இரவிலேயே போட ஒரு வழி உண்டு. பொடியாக வெட்டி, பட்டை, ஒரு கிராம்பு, கொஞ்சம் குலா மலாக்கா சேர்த்துக் கொதிக்க விட்டுச் சுண்ட வையுங்கள். பச்சரி வைப்பது மாதிரிதான், காரம் மட்டும் இல்லாமல். கொதித்துவிட்டால் நொதி செத்துவிடும், பிறகு தயிரோடு எத்தனை மணி நேரம் இருந்தாலும் கசக்காது. டின்னில் வரும் அன்னாசி கசக்காததற்கும் அதுவே காரணம். ஆறிய பிறகு ஒரு போத்தலில் போட்டு வைத்தால் மூன்று நான்கு நாள் வரும்.

சிவப்பு டிராகன் பழம் பார்க்க அழகு, ருசி சாதாரணம். பிள்ளைகள் நிறத்துக்காகவே சாப்பிடுவார்கள். ஒன்று மட்டும் வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். அது சாயம்தான். தெரியாமல் போனால் மாமியார் கிளினிக்குக்கே கிளம்பிவிடுவார்.

கொய்யா ஓட்ஸுக்கு மிகப் பொருத்தம், ஆனால் யாரும் போடுவதில்லை. மெத்தென்ற ஓட்ஸில் நறுக்கென்று கடிபட ஒன்று வேண்டும், அது கொய்யாவில் இருக்கிறது. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி, நார்ச்சத்தும் அதிகம். முதல் நாள் இரவே வெட்டித் தனி டப்பாவில் வைத்தாலும் பரவாயில்லை. பழ வண்டியில் தூவித் தருகிற ஆசாம் போய் தூள் வீட்டில் இருந்தால், ஓட்ஸில் போடுகிற உப்புக்குப் பதில் அதில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள்.

தர்பூசணி வேண்டாம், தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ரம்புத்தான் உரித்துக் கொட்டை நீக்குவதற்குள் ரயில் போய்விடும். டுரியான் பருவத்தில் பாலிக் புலாவிலிருந்து யாராவது கொண்டு வந்து, ஒரு சுளை மிஞ்சி நின்றால், மசித்து தேங்காய்ப்பாலோடு காலையில் கலந்து சாப்பிடலாம். அதைப் பசியாறல் என்று சொல்ல மாட்டேன், பாயசம் என்றுதான் சொல்வேன். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் பிரிட்ஜில் உள்ள பால்கூட டுரியானாகிவிடும். பினாங்கு வந்தால் சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் வாங்கிப் போங்கள். முழுக் கொட்டையாக வாங்கி, காலையில் இரண்டு உரசு உரசிப் போட்டால் ஆப்பிள், வாழை இரண்டுக்கும் எடுக்கும். கீற்றாகச் சீனியில் ஊற வைத்து விற்பதும் ருசிதான், ஆனால் அது மிட்டாய்க் கணக்கில் சேரும்.

ஆப்பிள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பண்டத்துக்கு மூலம் 1900 வாக்கில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிர்ச்சர் பென்னர் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த உணவு. அவருடைய அளவைப் பார்த்தால் நாம் தலைகீழாகச் செய்வது தெரியும். ஓட்ஸ் ஒரே ஒரு மேசைக்கரண்டி, அதை இரவு தண்ணீரில் ஊற வைத்தது. ஆனால் ஆப்பிள் முழுதாக ஒன்று, சாப்பிடுவதற்கு முன் தோலோடு துருவியது. கூடவே எலுமிச்சைச் சாறு, அரைத்த கொட்டைகள், அப்புறம் ஒரு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பால். ஆம், நாம் தே தாரேக்கில் ஊற்றுகிற அதே சுசு. ஆக அவருடையது பழம், நடுவில் கொஞ்சம் ஓட்ஸ். அவரும் பழத்தைக் கடைசி நேரத்தில்தான் சேர்த்தார். ஆனால் அவரைக் காட்டி நீங்களும் கெட்டிப்பால் ஊற்ற வேண்டாம். அதில் பாதிக்கு மேல் சீனி, ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய 11 கிராம். தேன், குலா மலாக்கா, கருப்பட்டி எல்லாம் உடம்புக்குச் சீனிதான். பழுத்த வாழைப்பழமோ, பொடியாக அரிந்த ஒரு பேரீச்சையோ போதும்.

இனி மாமியார். 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். மலேசிய இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஆகவே இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கு மட்டுமானதில்லை. ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது. வழவழப்பு அதனால்தான். அது சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்கும், கெட்ட கொழுப்பைக் குறைக்கவும் உதவும். ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதயம் பற்றி எழுத அனுமதி தந்ததும் இதே அளவை வைத்துத்தான். நம் 40 கிராமில் கிடைப்பது சுமார் 1.6 கிராம், அதாவது பாதிதான்.

ஆனால் ஓட்ஸ் மருந்தில்லை, மாவுச்சத்துதான். 40 கிராம் ஓட்ஸில் 27 கிராம் போல மாவுச்சத்து. பால், தயிர், ஒரு கைப்பிடி பழம் சேர்ந்தால் 45 கிராமுக்குப் பக்கம் வந்துவிடும். ஒரு ரொட்டி சானாய் அளவு அது. இதில் நார் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். மாமியாருக்கு 30 கிராம் ஓட்ஸாகக் குறைத்து, தயிரைக் கூட்டி, மேலே கொய்யா அல்லது பச்சை ஆப்பிள் போடுங்கள். பேரீச்சையும் மசித்த வாழைப்பழமும் வேண்டாம். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் அவர் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். சிறுநீரகத்திலும் பிரச்சினை இருந்தால் மட்டும், கிளினிக்கில் உணவு ஆலோசகரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். வாழைப்பழத்தில் பொட்டாசியம், ஓட்ஸிலும் பாலிலும் பாஸ்பரஸ், இரண்டையும் அவர்கள் கட்டுப்படுத்தச் சொல்வார்கள்.

வயதானவர்களுக்கு இனிப்பு ஓட்ஸ் பிடிப்பதும் அபூர்வம். அவருக்குத் தயிர் ஓட்ஸாகச் செய்து கொடுங்கள். இரவில் ஓட்ஸை தயிர், கொஞ்சம் பால், உப்பு, துருவிய இஞ்சியோடு ஊற வைத்துவிடுங்கள். காலையில் கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, சற்று ஆற விட்டுக் கொட்டுங்கள். மேலே மாதுளை முத்து, துருவிய மாங்காய். எனக்கு இனிப்புப் போத்தலைவிட இதுதான் பிடிக்கும்.

குளிர்ச்சியாகச் சாப்பிட மாட்டேன் என்பவருக்கு பழம் போடுவதற்கு முன்னால் வேறு கிண்ணத்தில் மாற்றி, மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சூடாக்கலாம். பிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் போத்தலை நேராகக் கொதிநீரில் வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் செய்யலாமா என்றால், வேண்டாம். மூன்று நாளுக்குச் செய்யுங்கள். ஞாயிறு இரவு ஒரு தடவை, புதன் இரவு ஒரு தடவை. நாலாம் நாளில் ஓட்ஸ் குழைந்து, தயிர் புளித்து, சாப்பிடப் பிடிக்காது. போத்தல்களைக் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள், அங்கேதான் 4 டிகிரி நிலையாக இருக்கும். பழையசோறு மாதிரி வெளியிலேயே மூடி வைத்தால் என்ன என்று சில அம்மாக்கள் கேட்பார்கள். பழையசோற்றில் இருப்பது வெந்த சோறும் தண்ணீரும், அதைப் புளிக்க வைப்பதே நோக்கம். இங்கே பால் இருக்கிறது. நம் இரவு வெக்கையில் சமையல் மேடையில் வைத்த பாலை விடிந்ததும் யாரும் குடிக்க மாட்டோம், இதுவும் அப்படியே.

ஊற வைத்தால், தாதுச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் பைட்டிக் அமிலமெல்லாம் போய்விடும் என்று படித்திருப்பீர்கள். ஓட்ஸில் அதை உடைக்கும் நொதி இயல்பாகவே குறைவு, ஆலைச் சூட்டில் அதுவும் போய்விடும். ஆக அதற்காக ஊற வைக்க வேண்டியதில்லை, மெத்தென்று ஆவதற்காக ஊற வைத்தால் போதும்.

பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதில்தான் எனக்குத் தயக்கம். பிள்ளை ஆறரைக்கு எடுத்துப் போய் பத்து மணி ஓய்வு நேரத்தில் சாப்பிட்டால் மூன்றரை மணி நேரம் பை வெளியில் கிடக்கிறது. பால் சேர்ந்த உணவுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு, 32 டிகிரிக்கு மேல் வெக்கை என்றால் ஒரு மணி நேரம். குளிர் காக்கும் பையும் உறைந்த ஐஸ் கட்டியும் இருந்தால் அனுப்பலாம், பழமாக உறைந்த மாம்பழத்தைப் போட்டால் அதுவும் துணைக்கு. இல்லையென்றால் வீட்டிலேயே நாலு கரண்டி சாப்பிட வைத்து, பள்ளிக்கு வேறு ஏதாவது கொடுங்கள். உங்களுக்கும் கணவருக்கும் பிரச்சினை இல்லை. ரயிலில் முக்கால் மணி நேரம், பிறகு அலுவலகப் பிரிட்ஜ். காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

போத்தல் 400 மில்லி அளவில், வாய் அகலமாக இருக்கட்டும், பழம் போட இடம் வேண்டும். ஊறுகாய்ப் போத்தலை எவ்வளவு கழுவினாலும் மூடியில் வாசம் போகாது, அது வேண்டாம். சாப்பிட்டவுடன் தண்ணீர் ஊற்றி வையுங்கள், ஓட்ஸ் காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.